கடைசி அறையின் கம்பளி

"கைடோட போறீங்களா, தனியா போறீங்களா?"

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் சொந்தப் பெரியம்மா என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று காலையில்தான் ஒரே குளியலறைக்காக இரண்டு பேரும் கதவைத் தட்டிச் சண்டை போட்டிருந்தோம். இப்போது என்னைப் பார்த்து 'நீங்க' என்கிறார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"பெரியம்மா, நான்தான்" என்றேன், அசடு வழிய.

"தெரியுது. கைடோடயா, தனியாவா?"

"எது நல்லது?"

"தனியா போ. யார் வாயையும் பார்த்துக்கிட்டு நிக்க வேணாம்."

டிக்கெட்டைக் கிழித்துத் தள்ளிவிட்டு எனக்கு அடுத்து நின்ற ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் பள்ளிப் படிப்பை முடித்து, மேற்கொண்டு எங்கும் இடம் கிடைக்காமல், வீட்டுக்குள் கூண்டுப் பூனை மாதிரி உலாத்திக்கொண்டிருந்த நேரம் அது. "சும்மா வீட்டைச் சுத்தாம உங்க பெரியம்மா வேலை பார்க்கற இடத்தையாவது போய்ப் பாரு" என்று அம்மா விரட்டிவிட்டாள். அப்படித்தான் அங்கே போனேன்.

பெரியம்மா வேலை பார்ப்பது எங்கள் ஊரின் பழைய சிறையில். ஒரு காலத்தில் ரயில் பட்டறைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். அடைத்தவர்களின் ஆட்சி போன பிறகு அதை நினைவிடமாக்கிவிட்டார்கள். கீழே பெரிய கூடம், பின்பக்கம் குளிக்குமிடம், மேலே ஒரு நீண்ட நடையும் வரிசையாக ஐந்து தனி அறைகளும். முக்கியமான ஐந்து பேரை ஒருவரோடு ஒருவர் பேசவிடாமல் அந்த அறைகளில் வைத்திருந்தார்கள். ஐந்தாவது, கடைசி அறையில் இருந்தவர் என் தாத்தா, அதாவது அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அப்பா. பட்டறையில் பிட்டராக இருந்தவர். எந்த அறையில் யார் இருந்தார் என்று பலகை எதுவும் அங்கே கிடையாது. திறப்பு நாளன்று ஐந்து குடும்பங்களும் அவரவர் ஆளின் அறை வாசலில் நின்றார்கள். அதனால் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாது.

பார்க்க வருபவர்களுக்கு இரண்டு வழி. வழிகாட்டியோடு போனால் அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, சொல்வதைக் கேட்டு, மொத்தமாக வெளியே வரலாம். தனியாகப் போனால் தரையில் இருக்கும் மஞ்சள் அம்புகளைப் பார்த்து நடக்கலாம், பிடித்த அறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரே ஒரு விதிதான். தனியாக வந்தவர் ஓர் அறைக்குள் உட்கார்ந்திருந்தால் வழிகாட்டி தன் கூட்டத்தை அங்கே கூட்டிப்போகக் கூடாது. தனியாக வந்தவர் அழலாம், கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம், அவரைக் கலைக்கக் கூடாது. வழிகாட்டி காலியாக இருக்கும் அறையாகப் பார்த்துப் போய்க்கொள்ள வேண்டும்.

இந்த விதியை நான் அன்று சும்மா படித்துவிட்டு மறந்துபோனேன். எல்லாமே அதில்தான் இருந்தது.

தாத்தாவின் அறையில் ஓர் இரும்புக் கட்டில், சுவரில் கைக்கு எட்டாத ஒரு சின்ன ஜன்னல். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். தாத்தாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிறையைப் பற்றிக் கேட்டால், "குளிரு. அவ்வளவுதான்" என்பார். வீட்டில் எந்த மாதமானாலும் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டுதான் படுப்பார். அதனால்தான் பள்ளியில் என்னைக் 'கம்பளி' என்று கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். "கம்பளி வீட்டுப் பொண்ணு வருதுடா" என்று பையன்கள் பாடுவார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அப்போது நடையில் ஒரு குரல் கேட்டது. நல்ல குரல். அதற்காகவே அந்த வழிகாட்டிக்கு 'வெண்கலம்' என்று பெயர். கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வருவார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார், தடுமாறவும் மாட்டார். என்னைக் கண்டதும் கடைசி அறைக்கு வராமல் நடு அறைக்குள் கூட்டத்தோடு நுழைந்தார். நடையில் எதிரொலித்து எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"கீழே இருந்தவர்கள் குளிக்குமிடத்துச் சுவரில் கல்லைப் பெயர்த்து வழி செய்துவிட்டார்கள். மறுநாள் தப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் காவலர்கள் நேராக அந்தக் கல்லிடம் வந்து நின்றார்கள். இரண்டு பேரைச் சுட்டார்கள். யார் காட்டிக்கொடுத்தது? இதோ, இதே அறையில் இருந்தவர். எதற்காக? ஒரு கம்பளிக்காக!"

கூட்டம் 'ச்சே' என்றது. யாரோ ஒருவர் உச்சுக்கொட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்பளி என்ற சொல் காதில் விழுந்தால் நான் திரும்பிப் பார்க்கும்படி பன்னிரண்டு வருடம் பழக்கப்பட்டிருக்கிறேன். ஆனாலும் அவர் சொன்னது நடு அறையை. நமக்கென்ன என்று எழுந்து கீழே வந்தேன்.

வாசலில் ஒரு சின்ன வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா ஜன்னலில் ஒரு வயதான ஜோடி நின்றது.

"கைடோட போனா நின்னுக்கிட்டே இருக்கணும்மா, கால் வலிக்கும். தனியா போங்க."

அவர்களுக்கு அடுத்து, கையைக் கோத்துக்கொண்டு ஒரு இளம் ஜோடி. "கைடோட போனா உங்களை முறைச்சுக்கிட்டே வருவாரு. தனியா போங்க."

அதற்கடுத்து மூன்று குழந்தைகளோடு ஒரு அப்பா. "பசங்க ஓடுவாங்க, அவரு திட்டுவாரு. தனியா போங்க."

ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எல்லாரும் தனியாகப் போனார்கள். வெண்கலம் தன் சுற்றை முடித்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"என்னம்மா, என் கூட்டத்தையெல்லாம் எங்க அனுப்பறீங்க?"

"அவங்கவங்க கால் போற பக்கம்."

"நாலு பேரைக் கூட்டிக்கிட்டு சுத்தறது எனக்கே கூச்சமா இருக்கு."

"மூணா குறைச்சிடட்டுமா?"

"எம்மேல உங்களுக்கு என்ன கோபம்? நான் ஏதாவது தப்பா பேசியிருக்கேனா?"

"பேசறதுதானே சார் உங்க வேலை" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா சில்லறையை அடுக்க ஆரம்பித்தார்.

அவர் உண்மையாகவே புரியாமல் நின்றார். இவரை 'அவர்' என்று எழுதுவதற்கே எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் அன்று அவர் முகத்தில் கள்ளம் இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்று மாலை பெரியம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் அலமாரியில் சாய்ந்துகொண்டு பார்த்ததையெல்லாம் சொன்னேன். "காட்டிக்கொடுத்தது நடு அறைக்காரராம் பெரியம்மா. ஒரு கம்பளிக்காக."

கத்தி நின்றது.

"எந்த அறை?"

"நடு அறை."

"சரியா சொல்லு. கடைசி அறைன்னு சொன்னாரா, நடு அறைன்னு சொன்னாரா?"

"கடைசி அறையில நான்தானே உக்காந்திருந்தேன்? 'இதே அறை'ன்னு நடு அறையில இருந்து சொன்னாரு."

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெங்காயத்துக்கு வந்த கண்ணீரா, வேறா என்று தெரியவில்லை. பிறகு தன் வாழ்க்கையில் நடந்ததை முதல்முறையாக என்னிடம் சொன்னார். அம்மாவுக்குக்கூடப் பாதிதான் தெரியுமாம்.

அக்காவை முந்திக்கொண்டு அம்மாவுக்குக் கல்யாணமாகி நான் பிறந்த வருடம், பெரியம்மாவுக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். கடைத்தெருவில் பொத்தானும் நூலும் விற்கும் கடைக்காரம்மாவின் மகன். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. அந்தக் கடைக்காரம்மாவின் மாமனாரும் ஐந்து பேரில் ஒருவர், மாடிப் படிக்கட்டை ஒட்டிய முதல் அறையில் இருந்தவர். நல்ல காரியத்துக்கு முன்னால் பெரியவர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடைக்காரம்மா தன் தங்கையோடு ஒருநாள் வந்தாராம். ஜன்னலில் வருங்கால மருமகள். சிரித்துப் பேசிவிட்டு, "நீ சொல்லும்மா, கைடோட போகவா, தனியா போகவா?" என்று கேட்டிருக்கிறார்.

பெரியம்மா மரியாதையாக எழுந்து நின்று, "கைடோட போங்க அத்தை, நல்லா புரியும்" என்று சொல்லியிருக்கிறார்.

"நானே சொன்னேன்டி. என் வாயால."

ஜன்னலில் உட்காருபவர்களுக்கு உள்ளே வழிகாட்டி என்ன சொல்கிறார் என்று தெரியாது. சுற்று நடக்கும் நேரமெல்லாம் அவர்கள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார்கள். போனவர்கள் திரும்ப இந்த வழியாக வரவில்லை, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார்கள். மறுநாள் ஆள் வந்தது. கல்யாணம் இல்லை. ஏனென்று விசாரித்தபோது கடைக்காரம்மா சொன்ன பதில் ஊர் முழுக்கப் பரவியது. "கம்பளிக்கு ஆளை வித்த வீட்டுல எங்க பையனுக்குப் பொண்ணு வேணாம்." வெண்கலம் அன்று கூட்டத்தைக் கடைசி அறைக்குள் கூட்டிப்போயிருக்கிறார்.

"தாத்தாகிட்ட கேக்கலையா பெரியம்மா?"

"என்னன்னு கேக்கறது? 'அப்பா, நீ வித்தியா'ன்னா? ஆமான்னு சொல்லிட்டா?" கத்தியால் தரையைக் கீறிக்கொண்டே பேசினார். "பையனுக்கு வெளியூர்ல வேலையாம்னு அவர்கிட்ட சொல்லி வச்சேன். 'போனா போறான் விடு'ன்னாரு. அதுக்கப்புறம் அவர் அந்த ரெண்டாவது கம்பளியை இழுத்துப் போர்த்தறப்பல்லாம் என் வயிறு பத்திக்கிட்டு எரியும். இவ்வளவு குளிர் எதுக்கு இந்த மனுஷனுக்குன்னு பார்ப்பேன். அவர் செத்துப்போற வரைக்கும் பார்த்தேன்."

எங்கள் வீட்டில் எல்லாருடைய சட்டையிலும் பொத்தான்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கடைத்தெருவில் கடை இருக்க, பெரியம்மா ஊரின் மறுகோடிக்குப் போய் அகப்பட்டதை வாங்கி வருவார். கஞ்சத்தனம் என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கடைக்கு ஒரு காசு போகக் கூடாது என்ற வைராக்கியம் அது என்று அன்றுதான் தெரிந்தது. வருகிறவர்களை எல்லாம் தனியாக அனுப்பியதும் அப்படித்தான். வெண்கலத்தின் வாயை மூட முடியாது, அதனால் கேட்கும் காதுகளைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

அடுத்த விடுமுறை நாளில் பெரியம்மா தன் வேலையிடத்துக்கே டிக்கெட் எடுத்துப் போனார். தனியாக. கடைசி அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மொத சுத்துல ரெண்டாவது அறை. அடுத்த சுத்துல நாலாவது. மத்தியானம் திரும்ப நடு அறை. எந்த அறையில ஆள் இல்லையோ அங்க போய் 'இதே அறை'ங்கறான். அன்னைக்கு எங்கப்பா அறை காலியா இருந்திருக்கு. அவ்வளவுதான்டி. காலியா இருந்திருக்கு!"

நான் குதித்தேன். "நாளைக்கே போய் மேலாளர்கிட்ட சொல்லிடலாம்!"

"சொன்னா? 'அப்படியாம்மா, சரி எடுத்துடலாம்'பாரு. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும்." பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "எனக்கு அப்படி முடியக் கூடாது. அந்தம்மா காதால கேக்கணும். அவங்க வீட்டு ஆளைப் பத்தி, பத்துப் பேர் நடுவுல, வாயைத் திறக்க முடியாம நின்னு கேக்கணும்."

"பாவம் பெரியம்மா, அந்தத் தாத்தா என்ன பண்ணினாரு?"

"எங்கப்பா என்ன பண்ணினாரு?"

பழிவாங்குவது தவறு என்று கட்டுரை எழுதிப் பள்ளியில் நான் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்தக் கட்டுரையிலிருந்து ஒரு வரிகூட அப்போது என் வாயில் வரவில்லை.

வாய்ப்பு தானாகவே வந்தது. அதுவும் பெரியம்மாவின் தலையில் இடி மாதிரி வந்தது. எல்லாரும் தனியாகவே போகிறார்களே என்று யோசித்த மேலாளர், வெண்கலத்தின் குரலைப் பதிவு செய்து தனியாகப் போகிறவர்களுக்கும் ஹெட்போனில் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். "கம்பளிக் கதையைக் கடைசி அறையில வச்சிடுவோம். முடிக்கும்போது எடுப்பா இருக்கும்" என்று ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினாராம்.

பெரியம்மா இத்தனை வருடம் பாடுபட்டுக் கூட்டத்தைக் கலைத்ததன் பலன் இதுதான். இனிமேல் அந்தக் கதை அறைக்கு அறை அலையாது. தாத்தாவின் கட்டிலில் நிரந்தரமாகப் படுத்துக்கொள்ளும், வருகிற ஒவ்வொருவர் காதிலும் விழும்.

நினைவு நாளன்று ஐந்து பேரின் குடும்பங்களில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னிலையில் வெண்கலத்தை முழுச் சுற்றும் பேசவைத்துப் பதிவு செய்வதாக ஏற்பாடு. அழைப்புக் கொடுக்கும் வேலையைப் பெரியம்மாவிடமே கொடுத்தார்கள். பொத்தான் கடைக்கு என்னைத்தான் அனுப்பினார். கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ கம்பளி வீட்டுப் பொண்ணுல்ல? உங்க வீட்டுலயும் வர்றாங்களா? தைரியந்தான்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அழைப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இதை வீட்டில் சொன்னபோது பெரியம்மா கோபப்படவில்லை. "நல்லது" என்றார். அந்த 'நல்லது' எனக்குப் பயமாக இருந்தது.

நினைவு நாள் வந்தது. ஜன்னலில் பெரியம்மா, நன்றாகத் தேய்த்த புடவையில். இரண்டாம் அறைக் குடும்பத்தில் இப்போது யாரும் உயிரோடு இல்லை, அதனால் அந்த அறையில் போய் உட்காரும்படி முதல் ஆளாக எனக்கு ஒரு டிக்கெட் கிழித்தார். நடு அறைக் குடும்பம் வந்தது. "கூட்டத்தோட நிக்க வேணாம், உங்க ஆள் அறையில போய் நிம்மதியா உக்காருங்க. தனியா போங்க." நாலாம் அறைக் குடும்பத்துக்கும் அதையே சொன்னார். அவர்களுக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. நன்றி சொல்லிவிட்டு மேலே போனார்கள்.

பொத்தான் கடைக்காரம்மா மகனோடும் மருமகளோடும் வந்தார். மகன் பெரியம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"எப்படிப் போகணும்?" என்றார் கடைக்காரம்மா, வேறு யாரிடமோ கேட்பது போல.

பெரியம்மா எழுந்து நின்றார். "கைடோட போங்க. நல்லா புரியும்."

அவர்கள் போனதும் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். தனக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக்கொண்டு, பக்கத்துப் படிக்கட்டு வழியாக ஏறி என் அறையைத் தாண்டிப் போனார். கடைசி அறைக் கட்டில் கிரீச்சென்றது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் இரண்டாம் அறை வாசலில் எட்டிப் பார்த்தும், சுவரில் காதை வைத்தும் தெரிந்துகொண்டேன்.

வெண்கலம் பின்பக்கமாக நடந்து வந்தார். அவருக்கு எதிரே மேலாளர், ஒலிவாங்கியை நீட்டியபடி பதிவு செய்கிற ஆள், கடைக்காரம்மா, மகன், மருமகள், இன்னும் சில பெரிய மனிதர்கள். என் அறையைக் கடந்தார்கள். நடு அறை, நாலாம் அறை எல்லாவற்றிலும் குடும்பங்கள். கடைசி அறை வாசலில் போய் நின்றார்கள்.

"நம்ம டிக்கெட் அம்மாதானே? கொஞ்சம் எழுந்து வாங்கம்மா, பதிவு நடக்குது" என்றார் மேலாளர்.

"நான் இன்னைக்குத் தனியா வந்திருக்கேன் சார்." டிக்கெட்டைத் தூக்கிக் காட்டியிருக்க வேண்டும். "கலைக்கக் கூடாதுன்னு நீங்கதான் எழுதி மாட்டியிருக்கீங்க."

யாரோ சிரித்தார். மேலாளர் செருமினார். "சரி விடுங்க. எங்க சொன்னா என்ன, கதை ஒண்ணுதானே? காலியா இருக்கற இடத்துல சொல்லிடுங்க, அப்புறம் மாத்தி ஒட்டிக்கலாம்."

வெண்கலத்துக்கு அது புதிய விஷயமே இல்லை, தினமும் செய்வதுதானே? கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு, காலியாக இருந்த ஒரே அறைக்குள் நுழைந்தார். படிக்கட்டை ஒட்டிய முதல் அறை. என் சுவருக்கு அந்தப் பக்கம்.

குரல் கணீரென்று எழும்பியது. கல், குளிக்குமிடம், காவலர்கள், இரண்டு பேர். பிறகு, "யார் காட்டிக்கொடுத்தது? இதோ, இதே அறையில் இருந்தவர். இந்தக் கட்டிலில் படுத்திருந்தவர். எதற்காக? ஒரு கம்பளிக்காக!"

பெரிய மனிதர்களில் ஒருவர், "ச்சே, இப்படியும் ஒரு ஆள்" என்றார்.

"என்ன சொன்னீங்க?" கடைக்காரம்மாவின் குரல் கீச்சென்று உடைந்தது. "யாரைச் சொல்றீங்க? இது எங்க மாமனார் இருந்த அறை!"

"அம்மா, அது வந்து…"

"கடைசி அறைன்னுதானே சொன்னீங்க? அன்னைக்கு என்னையும் என் தங்கச்சியையும் கடைசி அறையில நிக்க வச்சு, இதே கட்டில், இதே கம்பளின்னு சொன்னீங்களே! கடைசி அறைதான்யா! மாத்திச் சொல்லுங்க!"

எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் வாசலில் நின்றேன். "போன மாசம் நடு அறைன்னு சொன்னாரு. நான் என் காதால கேட்டேன்."

நடு அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். "எங்க அப்பாவையா சொன்னீங்க?" நாலாம் அறைக்காரர்களும் வந்துவிட்டார்கள். அவர்கள் அறையின் பெயரும் அடிபட்டிருப்பதை நான்தான் சொன்னேன். நடை முழுக்க ஆட்கள். வெண்கலம் பின்பக்கமாக ஓரடி வைத்தார், கட்டில் தடுக்கி அப்படியே அதில் உட்கார்ந்துவிட்டார். பின்பக்கமாக நடந்து அவர் தடுமாறியதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யாரோ காவலர்கள்கிட்ட சொல்லியிருக்கணும்னு ஒரு பெரியவர் ஆரம்பத்துல சொன்னாரு" என்றார். வெண்கலம் இருந்த இடத்தில் தகரம் கேட்டது. "கம்பளி நான் சேர்த்தது. இந்த நடை குளிரும். கூட்டம் இங்க வர்றப்ப நடுங்கிக்கிட்டு, எப்ப முடியும்னு நிக்கும். கம்பளின்னு சொன்னா சட்டுன்னு பிடிச்சுக்கும். யார் அறை எதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நான் வெளியூர்."

பதிவு செய்கிற ஆள் மெதுவாக, "சார், இதுவும் பதிவாயிடுச்சு" என்றார்.

அப்போதுதான் பெரியம்மா நடந்து வந்தார். அவசரமே இல்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. வெண்கலத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் கடைக்காரம்மாவின் முன்னால் வந்து நின்றார். அந்த அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லா புரிஞ்சுதாங்க?" என்று கேட்டார்.

பெரியம்மா கீழே இறங்கிப் போய் ஜன்னலைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

ஹெட்போனில் இப்போதும் வெண்கலத்தின் குரல்தான். ஆனால் கம்பளி இல்லை. 'காவலர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது யாருக்கும் தெரியாது' என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் நகர்ந்துவிடுகிறது. அவர் ஒருநாள் ஜன்னலுக்கு வந்து, "தெரியாம பேசிட்டேம்மா, மன்னிச்சிடுங்க" என்றார். "தெரியாம இத்தனை வருஷம் பேசினீங்க. தெரிஞ்சு ஒரு வருஷமாவது சும்மா இருங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று பெரியம்மா டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னார். கடைக்காரம்மா பார்க்க வரட்டுமா என்று ஆள் அனுப்பினார். "தாராளமா வரட்டும். வரிசையில நிக்கணும்" என்று பதில் போனது. இதுவரை அவர் வரவில்லை. நாங்களும் இன்னும் பொருந்தாத பொத்தான்களோடுதான் திரிகிறோம்.

பெரியம்மாவின் கோபம் ஆறிவிட்டது என்று எழுதி முடிக்க எனக்கு ஆசைதான். அது பொய். கோபம் இப்போது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். "மத்தவங்களையெல்லாம் பிடிச்சிட்டேன். எங்கப்பாவைச் சந்தேகப்பட்டவ ஒருத்தி இருக்காளே, அவளை என்ன பண்றது?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். அலமாரியிலிருந்த தாத்தாவின் இரண்டாவது கம்பளியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார் அப்போது. இந்தக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரிகிறது. ஹெட்போனில் மாற்றிவிட்டோம், ஊரிலும் வாயை அடைத்துவிட்டோம். இத்தனை வருடமாக அந்தக் குளிர்ந்த நடையில் நின்று கேட்டுவிட்டு ஊர் ஊராகப் போனவர்களை என்ன செய்வது? அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார்கள். கேட்டவர்களும் 'ச்சே' என்றிருப்பார்கள். அவர்களெல்லாம் திரும்பி வந்து டிக்கெட் எடுக்கப் போவதில்லை. என் பெரியம்மாவின் ஜன்னல் அவ்வளவு தூரம் எட்டாது.

அதனால்தான் இதை எழுதினேன். ஒரு பழைய சிறை, ஒரு கடைசி அறை, கம்பளிக்காக ஆளைக் காட்டிக்கொடுத்த ஒருவன் என்று யாராவது உங்களிடம் எப்போதாவது சொல்லத் தொடங்கினால் அவர்களை நிறுத்துங்கள். அந்த அறை அன்றைக்குக் காலியாக இருந்தது என்று சொல்லுங்கள். இதைக் கேட்டவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்லட்டும். அந்தக் கதை போன இடமெல்லாம் இதுவும் போய்ச் சேர வேண்டும்.